சத்தம் இல்லாமல் நின்ற எஞ்சின்

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது கம்ப்யூட்டர்தான். ஃப்ரிட்ஜ் எல்லாம் அதற்குப் பிறகு. தொண்ணூறுகளின் கடைசி. ஓசூரில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் வேறு யாரிடமும் அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. என் வீட்டுக்காரர் தொழிற்பேட்டையில் எஞ்சின் செய்கிற ஒரு கம்பெனியில் டெஸ்ட் பெட்டில் இருந்தார். செய்து முடித்த எஞ்சினை ஓர் இரும்பு மேடையில் பூட்டி, முழு வேகத்தில் ஓடவிட்டு, நல்லது கெட்டது பார்த்து அனுப்புகிற இடம் அது. இனிமேல் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று அங்கே பேச்சு வந்ததும், இவர் பெங்களூர் போய்ப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். வேலைக்குக் கற்றுக்கொள்ளத்தான் என்றார். கற்றுக்கொண்டது என்னவோ விமானம் ஓட்ட.

கூட வேலை செய்கிறவர் ஒருவர் கொடுத்த சி.டி. அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சண்டை விமானங்களை ஓட்டுகிற விளையாட்டு. அதில் எதையும் நம் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். குண்டு தீராமல் இருக்கச் செய்யலாம், எதிரியை மந்தமாக்கலாம், தரையில் மோதினாலும் சாகாமல் இருக்கலாம். இவர் அத்தனையையும் சுலபத்தில் வைத்துவிட்டு எஞ்சினை மட்டும் 'நிஜத்தில் உள்ளபடி' என்பதில் வைத்தார்.

"சண்டை எவன் வேணா போடுவான். எஞ்சினை ஒழுங்கா வெச்சிக்கினு வரணும், அதான் வேல" என்றார். கல்யாணமாகி அவர் என்னிடம் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

நிஜத்தில் உள்ளபடி என்றால் லேசு இல்லை. பொத்தானை அமுக்கியதும் பறந்துவிட முடியாது. ஸ்டார்ட் செய்து, எண்ணெய் சூடாகும்வரை தரையிலேயே காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு, வேகம் கூட்டுகிற த்ராட்டிலைத் தள்ளினால் கிளம்பும்போதே இருமும். ஏறும்போது, எஞ்சினை ஆறவைக்கிற ரேடியேட்டரின் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் காற்று பிடித்து இழுக்கும், வேகம் போய்விடும், மூடினால் கொதிக்கும். மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும் என்பதால் பெட்ரோலையும் குறைத்துக்கொண்டே வர வேண்டும். முன்னால் சுற்றுகிற விசிறியின் தகடுகளை எவ்வளவு சாய்ப்பது என்பதற்கு வேறு தனியாக ஒரு கணக்கு. முழு சக்தி என்று ஒன்று உண்டு. உயிர் போகிற நேரத்தில் தொட்டுவிட்டு உடனே விட்டுவிட வேண்டும். ஆசைப்பட்டுப் பிடித்துக்கொண்டே இருந்தால் எஞ்சின் வெந்து நடுவானில் நின்றுவிடும். அப்புறம் நீங்களாயிற்று, கீழே இருக்கிற கடலாயிற்று.

இவ்வளவும் தெரிந்த மனுஷன், உட்கார்ந்தால் ஒரு எஞ்சினை எரிக்காமல் எழுந்ததில்லை. வலது கையில் விமானத்தைத் திருப்புகிற ஜாய்ஸ்டிக் இருக்கும். இடது கையை, விசையைத் தட்டிய நேரம் போக, கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் விரித்து வைத்திருப்பார். ஆசீர்வாதம் பண்ணுகிற சாமியார் மாதிரி இருக்கும். எனக்குச் சிரிப்பாக வரும். ஆசீர்வாதம் பலித்ததே இல்லை.

நான் திருவண்ணாமலைப் பக்கம். எங்கள் வீட்டில் நான்கு பேர் இருந்தால் ஐந்து பேச்சு நடக்கும். ஓசூரில் இந்தப் பக்கத்து வீட்டில் கன்னடம், அந்தப் பக்கத்து வீட்டில் தெலுங்கு. நல்லவர்கள்தான், தமிழும் பேசுவார்கள். ஆனால் நான்கு பெண்கள் குழாயடியில் சேர்ந்தால் பேச்சு எந்த நேரம் எந்த மொழிக்குத் தாவும் என்று சொல்ல முடியாது. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் எதற்கென்று தெரியாமல் சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். குழந்தையும் இன்னும் இல்லை. மிச்சம் எனக்கென்று இருந்தது இவர் ஒருவர்தான்.

இவரிடம் எதைச் சொன்னாலும் 'ம்'. தக்காளி தீர்ந்துவிட்டது என்றால் 'ம்'. உங்கள் அம்மா வருகிறார்களாம் என்றால் 'ம்'. வீடு தீப்பிடித்துக்கொண்டது என்று ஒரு நாள் அடுப்படியிலிருந்து சும்மா கத்திப் பார்த்தேன். அதற்கும் 'ம்'. சில நேரம் நான் ஒன்று கேட்டால் அவர் வேறு ஒன்றுக்குப் பதில் சொல்வார். ஊமையாக இருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். கம்பெனி ஆட்கள் வந்தால் வாசலில் நின்று கத்திக் கத்திப் பேசிச் சிரிப்பாரே! ஆக, மனுஷனுக்குப் பேச்சு வரும், என்னிடம்தான் வராது. என்னைப் பிடிக்கவில்லை, வேறென்ன என்று முடிவு கட்டிவிட்டேன். அப்படி முடிவு கட்டின நாள் முழுக்க அழுதேன்.

காலை ஷிஃப்டுக்கு அவர் கம்பெனி பஸ் ஏறிப் போன பிறகு, வேறு போக்கு இல்லாமல் நானும் அந்த விளையாட்டில் உட்கார ஆரம்பித்தேன். பின்னால் நின்று பார்த்ததிலேயே பாதி வந்துவிட்டது. மீதியை எரித்து எரித்துக் கற்றேன். எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் சண்டை இல்லை. எதிரி விமானம் எனக்கு வேண்டாத விருந்தாளி. தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தாலே மேகத்துக்குள் புகுந்துவிடுவேன். எனக்கு வேண்டியிருந்தது எஞ்சின். பெட்ரோலைக் குறைத்தால் அதன் குரல் மாறியது. தகட்டைச் சாய்த்தால் கனத்தது. சூடேறப் போகிறதென்றால், சூட்டைக் காட்டுகிற முள் நகர்வதற்கு முன்பே குரலில் ஒரு கரகரப்பு வரும், டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவது மாதிரி. உடனே த்ராட்டிலைக் குறைத்து, ரேடியேட்டரைத் திறந்து, மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினால் சமாதானமாகிவிடும். அந்த வீட்டில் நான் செய்ததற்கு வாய் திறந்து பதில் சொன்னது அது ஒன்றுதான்.

சுடாமல், சுடப்படாமல், எஞ்சினைப் பத்திரமாக ஊர் கொண்டுவந்து சேர்த்து, தரையில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஆறவைத்து நிறுத்துவேன். 'சபாஷ்டி' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சோற்றுக்கு உலை வைக்கப் போவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம்போல எஞ்சினை வேகவைத்து உட்கார்ந்திருந்தபோது, முன்னால் போய் நின்று, "நாள் பூரா எஞ்சினோடயே குடித்தனம் பண்றவரு, இப்படி எரிச்சிட்டு வர்றீங்களே. எழுந்திருங்க, நான் காட்றேன்" என்றேன். சிரித்துக்கொண்டே இடம் விட்டார். நான் கிளம்பி, உயர ஏறி, ஒரு சுற்று சுற்றி, திரும்பி வந்து இறக்கினேன். அவர் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது.

"முள்ளு ஏறவே இல்ல. நீ அதுக்கு முன்னாடியே கொறச்சிட்ட. எப்டித் தெரிஞ்சுது?"

"அதான் கரகரன்னு கத்துதே, காது கேக்கல?" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். பெண்டாட்டி தன்னைவிட நன்றாக ஓட்டுகிறாள் என்று பொறாமை என நினைத்தேன். அந்த வாரமே, வீட்டுக்கு வந்த நண்பரிடம் வாசலில் அவர் சொன்னது காதில் விழுந்தது: "அந்த கேம்ல எஞ்சின் பொய் சொல்லுதுப்பா. முன்கூட்டி ஒண்ணும் காட்டறதில்ல. ஒரு சத்தமும் இல்லாம நின்னுபோவுது." கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோற்றதை ஒப்புக்கொள்ளக்கூட என்னிடம் வாய் திறக்க மாட்டாராம், ஊராரிடம் மட்டும் குறை சொல்வாராம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு, இங்கே இருக்க முடியவில்லை என்றேன்.

"அடிக்கிறாராடி?"

"இல்லம்மா."

"குடிக்கிறாரா?"

"இல்ல."

"வேற எவளாச்சும்..."

"ஐயோ, அதெல்லாம் இல்ல."

"அப்புறம் என்னதான்டி உனக்குக் கொறச்சல்?"

"எங்கூடப் பேச மாட்டேங்கிறாரும்மா."

அம்மா சிரித்துவிட்டாள். "உங்கப்பா மட்டும் எங்கிட்ட என்ன பேசிக் கிழிச்சாரு?" என்றாள். போனை வைத்துவிட்டேன். அடுத்த நாள் அண்ணனுக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ, இனிமேல் இங்கே திரும்பி வருவதாக இல்லை என்று மட்டும் சொன்னேன். சண்டை போட்டு வந்தால் சமாதானம் செய்து அனுப்புவார்கள். சண்டையே இல்லாத வீட்டிலிருந்து கிளம்புகிறவளை என்ன சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்? அந்தத் தைரியம்தான். அண்ணன் வருகிறான், அவனோடு ஊருக்குப் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். 'ம்' என்றார்.

அந்த ஞாயிறு காலையில் புடவைகளுக்கு இஸ்திரி போட்டுப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். சுவரில் ஒழுங்காக வேலை செய்கிற பிளக் பாயிண்டுகள் இரண்டுதான். ஒன்றில் கம்ப்யூட்டர், ஒன்றில் அதன் ஸ்பீக்கர். ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் சொருகியிருந்தேன். இவர் குளித்துவிட்டு வந்து, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, விமானத்தைக் கிளப்பினார்.

வீடு என்னவோ போல இருந்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. தெருவில் காய்கறிக்காரன் கத்திக்கொண்டு போனான். இதெல்லாம் இவ்வளவு தெளிவாகக் கேட்கிறதே என்று தோன்றியதே தவிர, ஏன் என்று நான் யோசிக்கவில்லை. என் மனதில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சொல்லாமல் போகக் கூடாது, முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லை. முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"நான் ஒரேயடியாப் போறேன். திரும்பி வர மாட்டேன்."

அவர் அசையவில்லை. ஜாய்ஸ்டிக்கைச் சாய்த்து எதிரியின் பின்னால் திரும்பிக்கொண்டிருந்தார்.

"உங்களத்தான். போறேங்கிறேன். கல்லா நீங்க? ஒரு வார்த்தை இருன்னு சொல்லக்கூடாதா?"

ஒன்றுமில்லை. அந்த நிமிஷம் அவரை அடியோடு வெறுத்தேன். திரையில் விசிறி தடுமாறி நின்றது. அவர் மேசையைத் தட்டிவிட்டுத் திரும்பினார்.

"பாத்தியா? மறுபடியும். ஒரு சத்தமும் இல்லாம நின்னுபோச்சு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தரையில் கிடந்த பிளக்கைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். கிளப்பினதிலிருந்து அந்த விமானம் ஒரு முனகல்கூட முனகவில்லை. இவர் இத்தனை நேரம் அதை ஓட்டியிருக்கிறார். அன்று வாசலில் நண்பரிடம் சொன்ன அதே குறையை இன்றும் சொல்கிறார்.

"என்னமோ தீயுற வாசன வருது" என்றார். இஸ்திரிப் பெட்டி புடவைமேலேயே இருந்தது.

அதை எடுத்து நிமிர்த்தி வைத்தேன். அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்று, குரலே வராமல், உதட்டை மட்டும் அசைத்தேன்: காப்பி வேணுமா?

"ம், குடு. சக்கர கம்மியா" என்றார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பதறிப்போய் எழுந்து வந்து, "என்னாச்சு? என்னாத்துக்கு அழுவுற?" என்றார். பிளக்கை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு அவரும் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எத்தன நாளா?" என்று மெதுவாக, முகம் பார்த்துக் கேட்டேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே. கொஞ்சம் கொஞ்சமா" என்றார்.

டெஸ்ட் பெட்டில் காதை மூடிக்கொள்ள உறை கொடுத்திருக்கிறார்கள். யாரும் போடுவதில்லையாம், எல்லார் கழுத்திலும் மாலை மாதிரி தொங்குமாம். "காத மூடிக்கினா எஞ்சின் பேசறது எப்டிக் கேக்கும்? அதக் கேக்கத்தான் சம்பளம்" என்றார். கேட்டுக் கேட்டே காது போய்விட்டது. இப்போதெல்லாம் எஞ்சின் உடம்பில் கையை வைத்து, அதிர்வைப் பார்த்தே நல்லது கெட்டது சொல்லிவிடுகிறாராம். கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் அவர் கை ஏன் இருந்தது என்று எனக்கு விளங்கியது. அதில் உள்ளே இருக்கிற சின்ன விசிறிதான் அதிர்ந்தது. வேறு என்ன அதிரும்?

வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனியில் காது பரிசோதனை உண்டு. காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கு என்பார்கள். சத்தத்துக்கான பொத்தானை அமுக்கும்போது, பரிசோதிக்கிற ஆளின் தோள் லேசாக அசையும். தோளைப் பார்த்தே விரலைத் தூக்குவது. டெஸ்ட் பெட்டில் பாதிப் பேர் அப்படித்தானாம், தெரிந்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்களாம். தோற்றால் மேடையிலிருந்து இறக்கி ஸ்டோருக்கு அனுப்பிவிடுவார்கள்.

"ஆம்பளைங்க பேச்சு கொஞ்சம் விழுது, கத்தினா நல்லாவே விழுது. உங்கொரலு மெல்லிசு. திரும்பிக்கினு பேசினா ஒண்ணுமே இல்ல."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"செவுடன்னு தெரிஞ்சா இருப்பியா நீ?"

எனக்கு வந்த கோபத்தில் அவரை அடித்துவிட்டேன். ஆமாம், தோளில் ஓங்கி ஒரு அடி. பெட்டியைக் காட்டினேன். "பேசலன்னுதானே போறேன்! ஒரேயடியாப் போறேன்!" என்று கத்தினேன். ஊரில் திருவிழாவுக்குப் போகிறேன் என்று நினைத்திருந்தாராம். அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது.

மத்தியானம் அண்ணன் வந்தான். பெட்டி மூலைக்குப் போயிருந்தது. அவசரப்பட்டுக் கூப்பிட்டுவிட்டேன், மன்னித்துக்கொள் என்றேன். காரணம் கேட்டான். அண்ணனுக்குப் பின்னால் இவர் நின்று என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் வெளியே போனால் சுற்றி வளைத்துக் கம்பெனிக்குப் போய்ச் சேரும். "ஒண்ணுமில்லண்ணா, சும்மா ஒரு கோவம்" என்றேன்.

"பஸ்ஸுல நின்னுக்கினே வந்திருக்கேன். உனக்கு வெளையாட்டா? அம்மா சொன்னது சரிதான், கொழுப்பு உனக்கு" என்று திட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனான். போகவிருந்ததன் காரணமும் யாருக்கும் புரியவில்லை, போகாமல் இருந்துவிட்டதன் காரணத்தை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. அன்று நான் இருந்த தனிமை அதற்கு முன் இருந்ததைவிடப் பெரியது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஓட்டுவது அவர், கேட்பது நான். கரகரப்பு வந்தால் தோளில் தட்டுவேன், அவர் த்ராட்டிலைக் குறைப்பார். அப்படித்தான் அவர் ஓட்டிய எஞ்சின் ஒன்று முதல் தடவையாக உயிரோடு வந்து இறங்கியது. நான் கைதட்டினேன். அவர் சந்தோஷப்படவில்லை. உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைக்கு வராத சத்தம்னு ஒண்ணு இருக்குது. இதுல நீ தட்டிட்ட. அங்க யாரு தட்றாங்க? நான் சரின்னு அனுப்பினது எவன் கையில போயி நிக்குதோ" என்றார்.



அந்த வருஷத்துப் பரிசோதனை முடிந்து வந்த அன்று, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். "கண்ண மூடிக்கினு உக்காந்துட்டேன்."

"அப்புறம்?"

"வெரலு ஒரு தடவகூட மேல போவல."

ஸ்டோருக்கு மாற்றினார்கள். அட்டைப் பெட்டிகளும் ரேக்குகளும் இருக்கிற இடம். கத்திப் பேச ஆள் கிடையாது. டெஸ்ட் பெட் நண்பர்கள் கொஞ்ச நாளில் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். தங்கள் குட்டும் இவரால் வெளிப்பட்டுவிடும் என்ற பயமாக இருக்கலாம். கம்ப்யூட்டரை அவர் தொடவே இல்லை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் எங்கே உட்காருவதென்று தெரியாதவர் மாதிரி வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்பார்.

ஒரு சாயங்காலம் நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தார். "இத்தன வருஷமா என்னென்னமோ பேசினியே. அதெல்லாம் என்னா? சொல்லு" என்றார்.

யோசித்து யோசித்துப் பார்த்தேன். தக்காளி, தண்ணீர், கேஸ் சிலிண்டர். கடைசியில் ஒன்று ஞாபகம் வந்தது. கல்யாணமாகி வந்த புதிதில், நல்ல மழையில், அவர் மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பியபோது சொன்னது. காயைப் பார்த்தபடியே அதைச் சொன்னேன்.

"கேக்கல" என்றார். "மூஞ்சியப் பாத்து இன்னொரு தடவ சொல்லு."

இத்தனை வருஷத்தில் அந்த 'கேக்கல' என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அவரைப் பார்த்து, மெதுவாகச் சொன்னேன். "இங்க எனக்கு யாரையும் தெரியாது. தனியா இருக்க பயமா இருக்குது. சீக்கிரம் வந்துடுங்கன்னு சொன்னேன். நீங்க 'ம்'ன்னு சொல்லிட்டுப் போனீங்க."

அவர் என் உதட்டிலிருந்து கண்ணை எடுத்தார்.

"அன்னைக்கு நான் டபுள் ஷிஃப்ட் பாத்துட்டு மறுநாள்தான வந்தேன்" என்றார்.